ஐந்தாம் அங்கத்தை வெட்டலாமா? (நகைச்சுவை நாடகத்துக்குள் வரும் நாடகம் பற்றி)

மேடைப்பலகை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் பன்னிரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடி ஒத்திகை பார்க்கிற சின்னக் குழு. ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். நான்கு அங்கம் ஒரு வழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாம் அங்கத்தில்தான் சண்டை. முழுதாக வைப்பதா, பத்து நிமிடத்துக்குச் சுருக்குவதா?

நாடகம் தெரியாதவர்களுக்காக: ஹெர்மியா என்ற பெண் லைசாண்டரைக் காதலிக்கிறாள். அப்பா ஈஜியஸ், டிமெட்ரியஸைக் கட்டச் சொல்கிறார். மறுத்தால் மரணம், இல்லையென்றால் கன்னிமடம். அதுதான் ஏதென்ஸ் சட்டம். இரண்டு பேரும் இரவோடு இரவாகக் காட்டுக்கு ஓடுகிறார்கள். அங்கே தேவதைகள் செய்யும் குழப்பமெல்லாம் தீர்ந்து, நான்காம் அங்கத்திலேயே ஜோடிகள் சேர்ந்துவிடுகின்றன. ஆளுகிற தீசியஸும் சம்மதம் சொல்லிவிடுகிறார். அப்புறம் ஐந்தாம் அங்கம் முழுக்க, ஊர்த் தொழிலாளிகள் ஆறு பேர் கல்யாண விருந்தில் 'பிரமஸ் – திஸ்பி' என்று ஒரு காதல் சோகக் கதையை நடித்துக் காட்டுகிறார்கள். படு மோசமாக நடிக்கிறார்கள். பார்ப்பவர்கள் கிண்டல் செய்துகொண்டே பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

"கதை முடிஞ்சாச்சு, இனி எதுக்கு அரை மணி நேரம்?" என்று குழுவில் பாதிப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதை வெட்ட மனமில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. படித்தவர்கள், போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூத்துக்கரை எழுதியது:

நான் வெட்டச் சொல்கிற கட்சி. நீளம் அல்ல என் பிரச்சினை. நெசவாளி, தச்சர், தையல்காரர், பாத்திரம் அடைப்பவர் என்று உழைக்கிற ஆறு பேரை மேடையில் நிறுத்தி, அவர்களுக்கு நடிக்கத் தெரியவில்லை, நாலு வார்த்தை ஒழுங்காகப் பேச வரவில்லை என்று சீமான்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நாமும் சேர்ந்து சிரிக்க வேண்டுமாம். ஆட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவன் நான். கூத்து நடக்கும்போது முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆடுகிறவனைப் பார்த்து "டேய், சத்தமா பாடுடா" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை எழுத்தில் படித்தாலே எனக்கு அந்த நாற்காலிகள்தான் ஞாபகம் வருகின்றன.

விழா மேற்பார்வையாளர் ஃபிலோஸ்ட்ரேட் அவர்களை அறிமுகம் செய்யும் வரியைப் பாருங்கள். கை காய்த்துப்போன ஆட்கள், இதுவரை மூளையால் உழைத்ததே இல்லை என்கிறார். இதை ஏன் தமிழில் கொண்டுவந்து போட வேண்டும்?

---

தறிமேட்டு மகள் எழுதியது:

கூத்துக்கரை அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீடும் தறி வீடுதான். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் இந்த அங்கத்தை வெட்டக் கூடாது என்கிறேன்.

முதலில் பேர்களைப் பாருங்கள். நெசவாளியின் பேர் பாட்டம். அந்தக் கால ஆங்கிலத்தில் நூல் சுற்றுகிற உள்கட்டைக்கும், சுற்றிய கண்டுக்கும் அதுதான் பேர். எங்கள் ஊரில் ஒருவரைத் 'தார்க்குச்சி' என்று கூப்பிட்டால் எப்படியோ அப்படி. ஸ்னக் என்பவர் மரச்சாமான் இணைப்பவர். இடைவெளியே இல்லாமல் பொருந்துவது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். தச்சர் க்வின்ஸ் பேரில் மர ஆப்பைக் குறிக்கும் சொல் ஒலிக்கிறது. ஓட்டைப் பாத்திரம் அடைப்பவர் ஸ்னௌட், கெண்டியின் மூக்கு. தொழிலைக் கிட்டத்தில் பார்க்காதவன் இப்படிப் பேர் வைக்க மாட்டான். கையுறை செய்கிறவரின் பிள்ளைதானே எழுதியவர்.

இன்னொன்று, அவர்களுடைய பயம். ஒத்திகையில் அவர்கள் பேசிக்கொள்வதையெல்லாம் முட்டாள்தனம் என்றுதான் நாம் சிரிக்கிறோம். சிங்கம் கர்ஜித்தால் பெண்கள் பயப்படுவார்களாம். அதனால் சிங்கத்தின் கழுத்து வழியாக நடிகரின் பாதி முகம் தெரிய வேண்டுமாம். 'நான் சிங்கம் இல்லை, ஸ்னக்' என்று சொல்லிவிட வேண்டுமாம். ஏன் இத்தனை முன்னெச்சரிக்கை? முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்: பிரபு வீட்டுப் பெண்கள் அலறினால் நம் எல்லாரையும் தூக்கில் போட்டுவிடுவார்கள். அப்பா சொல்லைத் தட்டிய பெண்ணுக்கு மரண தண்டனை கொடுக்கிற ஊர் அது. அங்கே இந்தப் பயம் எப்படி முட்டாள்தனமாகும்?

பாட்டம் காணாமல் போனதும் துருத்தி பழுதுபார்க்கும் ஃப்ளூட் புலம்புவார். ஆயுசுக்கும் நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் போச்சே, பிரமஸாக நடித்ததற்கு நாளைக்கு ஆறு பென்ஸுக்குக் குறைந்து டியூக் தீசியஸ் கொடுத்திருக்கவே மாட்டாரே என்று. கூலிக்காரன் வீட்டில் கேட்கிற குரல் அது. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்ததில்லை.

அப்பா தறியில் உட்கார்ந்தபடியே பாகவதர் பாட்டுப் பாடுவார். சுருதி சேராது. கேலி செய்தவர்களும் உண்டு. நின்று கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இந்த அங்கத்தில் என் கண் நடிக்கிறவர்கள் பக்கம் போவதே இல்லை. யார் எப்படிக் கேட்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

---

கரும்பலகை எழுதியது:

முப்பது வருடம் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியவன் நான். அம்மா தறிமேட்டு மகள் கடைசியில் தொட்ட இடம்தான் கதவு. அதைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

நாடகத்துக்குள் நாடகம் என்றதும் எல்லாரும் ஹாம்லெட்டுக்குப் போவார்கள். அங்கே அது எலிப்பொறி. கொலைகார ராஜா தன் குற்றத்தை மேடையில் பார்க்கிறான், தாங்க முடியாமல் எழுந்துவிடுகிறான். சோக நாடகத்தில் பார்க்கிறவனுக்குத் தன் முகம் தெரிந்துவிடுகிறது. நகைச்சுவையில் நேர்மாறு. அவர்கள் முன்னால் அவர்கள் கதையே ஓடும், ஒருவருக்கும் உறைக்காது.

பிரமஸ் – திஸ்பி கதை என்ன? ரோமானியக் கவி ஓவிட் சொன்ன பாபிலோன் கதை. அடுத்தடுத்த வீட்டுக் காதலர்கள். பெற்றோர் தடுக்கிறார்கள். சுவர் இடுக்கு வழியாகப் பேசுகிறார்கள். இரவில் ஊருக்கு வெளியே சந்திக்கத் திட்டம் போடுகிறார்கள். ஒரு சின்னத் தவறான புரிதல், இரண்டு பேரும் சாகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார்? பெற்றோர் தடுத்ததால் முந்தின இரவில் ஊரைவிட்டு ஓடிய ஹெர்மியாவும் லைசாண்டரும். அவர்களுக்கும் இதே முடிவு வந்திருக்கலாம், தேவதையின் தயவால் தப்பினார்கள். லைசாண்டர் சிரிக்கிறான். சுவராக நிற்கும் நடிகர் பேசுவதைக் கேட்டு, இவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசும் சுவரை நான் கண்டதில்லை என்று டிமெட்ரியஸ் கிண்டலடிக்கிறான்.

இப்போது மேடைப்பலகை தம்பி உங்கள் பிரதியை எடுத்து ஒன்று பாருங்கள். ஐந்தாம் அங்கத்தில் ஹெர்மியாவுக்கு எத்தனை வரி? ஒன்றுகூடக் கிடையாது. அவள் தோழி ஹெலனாவுக்கும் இல்லை. காட்டில் அவ்வளவு சண்டை போட்ட பெண்கள் இருவரும் அந்த அரை மணி நேரம் மேடையில் இருக்கிறார்கள், வாய் திறப்பதில்லை. ஆண்கள்தான் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஹெர்மியா என்ன நினைத்தாள் என்பதை எழுதியவர் நடிகையின் கையில் விட்டுவிட்டார்.

இன்னும் ஒரு நுணுக்கம். முதல் அங்கத்தில் க்வின்ஸ் வேஷம் பிரிக்கும்போது பிரமஸின் அப்பா, திஸ்பியின் அப்பா, திஸ்பியின் அம்மா என்று மூன்று வேஷம் கொடுக்கிறார். கல்யாண மண்டபத்தில் ஆடும்போது இந்தப் பெற்றோர் ஒருவர்கூட வருவதில்லை. அப்பாவாக வர வேண்டிய ஸ்னௌட் சுவராகிவிடுகிறார். அம்மாவாக வர வேண்டிய தையல்காரர் ஸ்டார்வ்லிங் நிலாவாகிவிடுகிறார். தடுக்கிற தகப்பன் போய், அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு சுவர் நிற்கிறது. எழுதியவர் மறந்துபோனார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1600-இல் வந்த முதல் பதிப்பில் ஐந்தாம் அங்கத்து நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஃபிலோஸ்ட்ரேட். 1623-இல் வந்த பெருந்தொகுப்பில் அந்த வசனங்களில் பெரும்பாலானவை ஈஜியஸுக்குப் போய்விட்டன. மகளைக் கொல்ல உத்தரவு கேட்ட அதே அப்பா! எதை மேடையில் போடுவது என்பது உங்கள் இஷ்டம். நான் போட்டால் ஈஜியஸைத்தான் நிறுத்துவேன். மகள் ஒரு ஓரம், அப்பா ஒரு ஓரம், நடுவில் ஸ்னௌட் சுவராக.

---

கூத்துக்கரை எழுதியது:

வாத்தியார் ஐயா, பெற்றோர் வேஷம் மறைந்த விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு உறைக்கவில்லை என்று நமக்குப் புரிகிறது, சரி. ஆடுகிறவன் பட்ட அவமானத்துக்கு யார் பதில் சொல்வது? அந்த நிலா வேஷக்காரரைப் பேசவே விடுவதில்லை. செய்யுளை இரண்டு முறை ஆரம்பிக்கிறார், இரண்டு முறையும் குறுக்கே பேசுகிறார்கள். கடைசியில் செய்யுளை விட்டுவிட்டு வெறும் பேச்சில் சொல்கிறார்: "நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இந்த விளக்கு நிலா. நான் நிலாவில் இருக்கிற மனுஷன். இந்த முள்செடி என் முள்செடி, இந்த நாய் என் நாய்." என் சித்தப்பா ஒருமுறை பாட்டை நிறுத்திவிட்டு இதே குரலில் பேசிக் கேட்டிருக்கிறேன்.

---

மழைநாள் வாசகி எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு அதே ஆசிரியர் இன்னொரு நாடகத்தில் நேராகவே பதில் சொல்லியிருக்கிறார். 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்'. நம் பக்கம் அதிகம் படிக்கப்படுவதில்லை. வார்த்தை விளையாட்டு அதிகம், மொழிபெயர்ப்பில் பாதி செத்துவிடும். ஆனால் அதன் கடைசி அங்கத்துக்காகவே படிக்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவார் ராஜாவும் மூன்று நண்பர்களும், மூன்று வருடம் பெண்களைப் பார்க்காமல் படிப்பது என்று சபதம் எடுக்கிறார்கள். பிரான்ஸ் இளவரசி தோழிகளோடு வந்து இறங்கியதும் சபதம் காற்றில் போகிறது. நால்வரும் ருஷ்யர் வேஷம் போட்டுக்கொண்டு பெண்களை மயக்கப் போய், நன்றாக அவமானப்பட்டுத் திரும்புகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஊர்க்காரர்கள் 'ஒன்பது மாவீரர்கள்' என்று ஒரு காட்சி நடத்த வருகிறார்கள். ராஜா வேண்டாம், நமக்கு வெட்கக்கேடு என்கிறார். பெரோன் என்ற நண்பன் சொல்வதைக் கவனியுங்கள்: நம்முடையதைவிட மோசமான காட்சி ஒன்று இருப்பது நல்ல உபாயம்தானே! கிண்டல் எங்கிருந்து வருகிறது என்று இந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. இப்போதுதான் மிதிபட்டு வந்தவர்கள், மிதிக்க ஆள் தேடுகிறார்கள்.

ஊர்ப் பாதிரியார் நத்தானியேல் அலெக்சாந்தராக வருகிறார். இரண்டு வரி சொல்வதற்குள் குறுக்கே பேசிப் பேசி அவரைத் தடுமாற வைக்கிறார்கள். வசனம் மறந்து ஒதுங்கிவிடுகிறார். அப்போது கோஸ்டார்ட் என்ற நாட்டுப்புறத்தான், அவனும் நடிக்க வந்தவன்தான், சபையைப் பார்த்து அவருக்காகப் பேசுகிறான். அப்பாவி மனுஷன், நேர்மையானவர், சட்டென்று மிரண்டுவிடுவார். அருமையான பக்கத்து வீட்டுக்காரர், பந்து உருட்டி விளையாடுவதில் கெட்டிக்காரர். ஆனால் அலெக்சாந்தர் என்றால்... பார்த்தீர்கள் அல்லவா, வேஷம் அவருக்குக் கொஞ்சம் பெரிசு. இதைவிடப் பிரியமாக ஒரு நடிகனைப் பற்றி யாராவது பேசியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து பள்ளி ஆசிரியர் ஹோலஃபெர்னிஸ். அவர் யூதாஸ் மக்கபேயு என்ற வீரன். பேரில் யூதாஸ் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று விரட்டுகிறார்கள். முகத்தைக் கேலி செய்கிறார்கள். இதுவரை நாம் அந்த ஆளை வெறும் அலட்டல்காரராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். போகும்போது அவர் சொல்கிறார்: "இது பெருந்தன்மை இல்லை, பண்பு இல்லை, பணிவும் இல்லை." மேடையில் நான் பார்த்தபோது அந்த வரியில் அரங்கம் அடங்கிப்போனது. அதுவரை சிரித்தவள் நானும்தான்.

கதை அத்தோடு நிற்கவில்லை. காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே பிரான்ஸ் ராஜா இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. கல்யாணம் கிடையாது. ஒரு வருடம் காத்திருங்கள் என்று பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். கிண்டலில் முதல் ஆளான பெரோனுக்கு, அவன் காதலிக்கும் தோழி ரோசலின் தனித் தண்டனை கொடுக்கிறாள்: ஒரு வருடம் நோயாளிகளிடம் போய், பேசக்கூட முடியாதவர்களைச் சிரிக்க வை. சாகிறவனை எப்படிச் சிரிக்க வைப்பது என்று கேட்கிறான். அவள் பதில்: நகைச்சுவையின் வாழ்வு கேட்கிறவனின் காதில் இருக்கிறது, சொல்கிறவனின் நாக்கில் ஒருபோதும் இல்லை.

முன்வரிசை நாற்காலிக்காரர்களைப் பற்றிக் கேட்டீர்களே அண்ணா. அவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை.

---

கூத்துக்கரை எழுதியது:

இரண்டு முறை படித்தேன். "வேஷம் அவருக்குக் கொஞ்சம் பெரிசு." இதை எழுதியவர் ஆட்டக்காரர்களோடு சாப்பிட்டுத் தூங்கியவர். அந்த நாடகத்தைத் தேடிப் படிக்கிறேன்.

---

ஏழாம் சுவர் எழுதியது:

எல்லாரும் இங்கிலாந்திலேயே நிற்கிறீர்கள். ஏழாம் நூற்றாண்டில் கன்னோசியை ஆண்ட ஹர்ஷர் எழுதிய 'பிரியதர்சிகா' இருக்கிறது. வடமொழி இலக்கணத்தில் இந்த உத்திக்குப் பேரே உண்டு, கர்ப்பாங்கம். நாடகத்தின் வயிற்றுக்குள் இருக்கும் அங்கம்.

ராஜா உதயணனுக்கு, ராணி வாசவதத்தையின் பணிப்பெண் ஆரண்யகை மேல் காதல். அந்தப்புரத்தில் ஒரு நாடகம் நடக்கிறது. அதன் கதை என்ன தெரியுமா? உதயணனும் வாசவதத்தையும் காதலித்த பழைய கதையேதான். வாசவதத்தையாக நடிப்பது ஆரண்யகை. உதயணனாக நடிக்க வேண்டியது மனோரமை என்ற தோழி. கடைசி நேரத்தில் அவளுக்குப் பதிலாக உதயணனே, உதயணன் வேஷத்தில் மேடை ஏறிவிடுகிறான். ராணி உட்கார்ந்து தன் இளமைக் காலக் காதலைப் பார்க்கிறாள், மனோரமை அச்சு அசலாக நடிக்கிறாளே என்று வியக்கிறாள். அவள் கண் முன்னால் அவள் கணவன், அவளுக்குச் சொன்ன காதலை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

குட்டு உடைவதும் அழகு. ராணி மனம் பொறுக்காமல் வெளியே வர, வாசலில் ராஜாவின் நண்பனான விதூஷகன் தூங்குகிறான். எழுப்பியதும் தூக்கக் கலக்கத்தில், நண்பர் நடித்து முடித்து வந்துவிட்டாரா, இன்னும் நடிக்கிறாரா என்று உளறிவிடுகிறான்.

வாத்தியார் ஐயா சொன்ன விதி இங்கே பாதிதான் செல்லும். ராணிக்கு உறைக்கிறது. முழுதாக உறைக்கிறது. நகைச்சுவையாகச் சொன்னாலும், அந்த இடத்தில் என் மனசு ராணியோடுதான் எழுந்து வெளியே போகிறது.

---

கரும்பலகை எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், நான் விதியை ரொம்ப இறுக்கிவிட்டேன். உறைப்பதும் உறைக்காததும் ஆளைப் பொறுத்தது. பார்க்கிறவன் யார் என்று அளந்து காட்டுவதுதான் உள்நாடகத்தின் வேலை என்று சொன்னால் இரண்டும் அடங்கும்.

---

மழைநாள் வாசகி எழுதியது:

ராஜா நடித்ததைப் படித்ததும் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் ஞாபகம் வந்துவிட்டது. 'நோயில்லா நோயாளி' நாடகத்தில் அப்பா ஆர்கான் தன் மகளை ஒரு மருத்துவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். மகளின் காதலன் கிளெயாந்த் பாட்டு வாத்தியாராக வீட்டுக்குள் வருகிறான். வந்திருக்கும் சம்பந்தி வீட்டார் முன்னால் பாடச் சொல்கிறார் அப்பா. அவன் கையில் ஒரு தாள். இடையர் காதல் இசைநாடகம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருவருமே அங்கேயே இட்டுக்கட்டிப் பாடுகிறார்கள். அப்பா, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரும் உட்கார்ந்திருக்க, "உன்னைத்தான் காதலிக்கிறேன், சாகிறேனே தவிர வேறு ஒருவனைக் கட்ட மாட்டேன்" என்று அவள் பாட்டிலேயே சொல்லிவிடுகிறாள்.

அப்பாவுக்குச் சந்தேகம். தாளை வாங்கிப் பார்க்கிறார். வெறும் சுரக் குறிப்பு. நீங்கள் பாடிய வார்த்தையெல்லாம் எங்கே என்கிறார். சுரத்தோடேயே வார்த்தையையும் எழுதும் முறையை இப்போது புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியாதா என்கிறான் கிளெயாந்த்.

ஆர்கானாக நடித்தது மொலியேரேதான். 1673 பிப்ரவரி 17, நான்காவது முறை அதை ஆடிய நாள். முடிவில் ஆர்கானை மருத்துவராக்கும் விளையாட்டுச் சடங்கு ஒன்று வரும், அதுவும் நாடகத்துக்குள் நாடகம்தான். அந்தச் சடங்கின் நடுவே அவருக்கு வலிப்பு கண்டது. ஆடி முடித்தார். அன்றிரவே வீட்டில் இறந்துபோனார். நோயே இல்லாதவன் நோயாளியாக நடிப்பதை, உயிர் போகிற நோயாளி ஒருவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

---

தறிமேட்டு மகள் எழுதியது:

இந்தப் பதிவைப் படித்துவிட்டு அரைமணி நேரம் வேறு எதுவும் படிக்கவில்லை.

---

தேங்காய்மூடி விளக்கு எழுதியது:

பார்க்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு என்றால் ஃபிரான்சிஸ் பியூமான்ட்டை விட முடியாது. 'எரியும் உலக்கை வீரன்', சுமார் 1607. லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் சிறுவர் குழு ஒன்று ஆடியது.

நாடகம் தொடங்கி முன்னுரைக்காரன் மூன்று வரி சொல்வதற்குள் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் ஜார்ஜ் மேடை ஏறிவிடுகிறார். எங்கள் மாதிரி கடைக்காரர்களைக் கிண்டல் செய்யும் நாடகமெல்லாம் வேண்டாம், எங்களைப் பற்றிப் போடு என்கிறார். மனைவி நெல்லும் ஏறி, பிரபுக்களுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். கடையில் வேலை பார்க்கும் பையன் ரேஃபுக்குக் கதாநாயகன் வேஷம் வேண்டும் என்கிறார்கள். அப்புறம் என்ன, இரண்டு நாடகம் ஒன்றின் மேல் ஒன்று ஓடுகிறது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு காட்சி. வீரனாக வரும் ரேஃப் ஒரு சத்திரத்தில் தங்குகிறான். அதை அரண்மனை என்று நினைத்துக்கொள்கிறான். காலையில் சத்திரக்காரர் பன்னிரண்டு ஷில்லிங் கேட்கிறார். அந்தப் பையனைப் பிடித்துவைத்துவிடுவார்களோ என்று பதறிப்போய், ஜார்ஜ் தன் பையிலிருந்து நிஜக் காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்! கதைக்குள் இருக்கிற கடனை வெளியே இருக்கிறவன் அடைக்கிறான். நெல் நாடகம் முழுக்க நடிகப் பிள்ளைகளை ஏதோ தன் பிள்ளைகள் மாதிரி கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். ஆரம்பத்தில் பிரபுக்கள் விடும் புகையிலை நாற்றம் என்னைக் கொல்கிறது என்று திட்டியவள், கடைசியில் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒயினும் ஒரு குழல் புகையிலையும் தருகிறேன் என்கிறாள். ஒரு மாலைப்பொழுது சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததிலேயே அவள் மனசு அவ்வளவு மாறியிருக்கிறது.

அன்றைக்கு நாடகம் தோற்றுவிட்டது. 1613-இல் அச்சிட்டவர், பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்று முன்னுரையில் வருத்தப்பட்டிருக்கிறார். கூத்துக்கரை அண்ணா, நம் கட்டியங்காரன் மேடையில் நின்று சபையோடு பேசுவான் அல்லவா. இங்கே சபையே மேடை ஏறி ஆட்டத்தோடு பேசுகிறது. உங்களுக்குப் பிடிக்கும்.

---

கூத்துக்கரை எழுதியது:

பிடித்துவிட்டது. எங்கள் ஊரில் பதினெட்டாம் போர் ஆடும்போது துரியோதனன் வேஷக்காரருக்குப் பாட்டிகள் காசு வைத்துக் கும்பிட்டு அழுவார்கள். கதையில் கெட்டவன், ஆனாலும் சாகப்போகிறானே என்று. ஜார்ஜின் பன்னிரண்டு ஷில்லிங் அந்தக் காசுதான்.

---

ஏழாம் சுவர் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். எல்லா உள்நாடகமும் பார்வையாளரைச் சோதிக்கிறது என்று சொல்ல முடியாது. ஷெரிடன் 1779-இல் டிரூரி லேன் அரங்கில் போட்ட 'தி கிரிட்டிக்' பச்சையாக மோசமான நாடகாசிரியர்களைத்தான் தாக்குகிறது. பஃப் என்பவர் ஸ்பானியக் கடற்படை பற்றிய தன் சோக நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறார். பெரிய அமைச்சர் பர்லி வருகிறார், தலையை ஆட்டுகிறார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று பஃப் அரைப் பக்கத்துக்கு விளக்கம் சொல்கிறார், அரசியல் நிலவரம் முழுக்க அதில் இருக்கிறதாம். நாயகி பைத்தியம் பிடித்து வெள்ளைப் பட்டில் வருகிறாள், தோழி பைத்தியம் பிடித்து வெள்ளை லினன் துணியில் வருகிறாள். பைத்தியத்திலும் அந்தஸ்து வித்தியாசம் போகக் கூடாதே. அருமையான நகைச்சுவை. ஆனால் ஐந்தாம் அங்கம் மாதிரி மனசில் தங்குவதில்லை. ஏன் என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் புரிகிறது: பஃப்பின் நாடகத்தைப் பார்க்கிறவர்களுக்கு அதில் இழக்க ஒன்றுமே இல்லை.

---

மேடைப்பலகை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இந்த இழையை அச்செடுத்துக் குழுவில் எல்லாருக்கும் கொடுத்தேன். ஐந்தாம் அங்கம் முழுதாக இருக்கிறது. ஃபிலோஸ்ட்ரேட் வசனம் ஈஜியஸுக்குப் போய்விட்டது. அந்த வேஷம் போடும் அண்ணன் 'நாலாம் அங்கத்தோட வீட்டுக்குப் போயிரலாம்னு நினைச்சேன்' என்று சொல்லிவிட்டு இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவந்தார்.

நேற்று முதல்முறையாக முழு அங்கத்தையும் ஓட்டிப் பார்த்தோம். ஹெர்மியாவிடம், உனக்கு வசனம் இல்லை, என்ன தோன்றுகிறதோ செய் என்று மட்டும் சொன்னேன். சுவர் வந்து விரலை விரித்து இதுதான் இடுக்கு என்று காட்டியதும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். இடுக்கு வழியாக பிரமஸும் திஸ்பியும் முத்தம் கொடுக்க முயன்று, சுவரைத்தான் முத்தமிட்டேன் என்று திஸ்பி சொன்ன இடத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. லைசாண்டர் பக்கத்தில் அடுத்த கிண்டலைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் தலையைத் திருப்பி ஈஜியஸ் நின்ற பக்கம் பார்த்தாள். அவர் கையிலிருந்த நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பாட்டம் ரத்தம் தோய்ந்த துணியைக் கண்டு புலம்பும் இடம். தீசியஸ் ஏதோ கேலியாகச் சொல்கிறார். அவர் மணமகள் ஹிப்போலிடா மட்டும், எனக்கென்னவோ அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்கிறாள். இதுவரை இந்த வரியை வேகமாகத் தாண்டிக்கொண்டிருந்தோம். நேற்று அவள் சொன்னபோது பாட்டமாக நடிக்கிறவர் ஒரு நொடி நிறுத்தி, அவளைப் பார்த்துவிட்டு, வசனத்தைத் தொடர்ந்தார். அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நிலாவின் முறை. அந்த வேஷம் இன்னும் யாருக்கும் முடிவாகவில்லை. கூத்துக்கரை அண்ணா, நீங்கள் நம் ஊர்ப் பக்கம்தான் என்று முன்பு ஒரு பதிவில் பார்த்த ஞாபகம். விளக்கும் முள்செடியும் தயாராக இருக்கின்றன. நாய்தான் கிடைக்கவில்லை.

---

கூத்துக்கரை எழுதியது:

எத்தனை மணிக்கு ஒத்திகை?